ஜாதகம் எடுக்காத பெண்ணின் படம்

அந்தப் பெண்ணின் படத்தை அவளைக் கேட்காமல் என் தம்பிக்குக் கொடுத்தேன். அதற்காக என்னை ஊரில் யாரும் திட்டவில்லை. அவளுடைய அப்பா ஓர் அட்டை முட்டையும் ஒரு சீப்புப் பழமும் கொண்டுவந்து என் வீட்டு மேசையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். தம்பியின் மனைவி போனில் அழுதாள், சந்தோஷத்தில். புண்ணியமான காரியம் என்று உறவில் நாலு பேர் சொன்னார்கள். இதை எழுத உட்காரும்போது எனக்கு வருகிற ஆத்திரம் முதலில் என்மேல்தான். ஆனால் என்மேல் மட்டும்தான் என்று சொன்னால் அது பொய்.

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவன். ஒளியியல் என் பாடம். அந்த வழியாகவே கேமராவும் கைக்கு வந்தது. ஓய்வு பெற்றபின் திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பிவிட்டேன். ஒரே மகன் வெளிநாட்டில் இருக்கிறான். ஊரில் ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சமுதாயக் கூடத்தில் இளம்பெண்கள் குழு ஒன்றை நடத்திவந்தார். சொந்தத் தோட்டம் வைத்திருப்பவர் வீட்டுப் பெண்கள், கூலிக்குப் போகிறவர் வீட்டுப் பெண்கள், தறிப் பட்டறைப் பெண்கள் என்று எல்லோரும் வருவார்கள். ஒருநாள் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், தையலும் பூக்கட்டறதும் சொல்லிக் குடுத்துச் சலிச்சுப் போச்சுங்க. ஒரு புள்ளையும் தைக்கறதில்லை. நீங்க கம்ப்யூட்டர் சொல்லிக் குடுங்க. அந்தப் போட்டோ புடிக்கறதையும் சேத்துச் சொல்லிக் குடுங்க."

பழைய மாணவர்கள் சிலரிடம் கேட்டு, அவர்கள் ஒதுக்கிப்போட்ட லேப்டாப்புகளை வாங்கினேன். சேலத்தில், அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு கடையில் கைமாறிய கேமரா இரண்டு கிடைத்தன. வகுப்பு தொடங்கியது.

நான் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் நான் செய்ததன் அளவு தெரியாது. ஃபோல்டர் போடுவது, மெயில் அனுப்புவது, பிரவுசிங் சென்டரில் போய் நிற்காமல் தங்கள் விண்ணப்பத்தைத் தாங்களே நிரப்புவது என்று ஆரம்பித்தோம். பாஸ்வேர்டை அண்ணன் தம்பியிடம்கூடச் சொல்லக்கூடாது என்றேன்.

"சொல்லாட்டி எங்கண்ணன் போனையே புடுங்கிக்குவானுங்க சார்" என்றாள் ஒருத்தி.

"பொய்யான பாஸ்வேர்டு ஒண்ணைச் சொல்லு புள்ளை" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "எங்கூட்டுல நான் அப்படித்தான். எந்தம்பி இன்னமும் தப்பாத் தப்பா அடிச்சுட்டு உக்காந்திருக்கறான்."

கரும்பலகையில் பெரிய எழுத்தில் ஒரு விதியும் எழுதிவைத்தேன்: ஒருவரைப் படம் எடுக்கும் முன் கேள், அந்தப் படத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் முன் மறுபடியும் கேள். இரண்டாவது முறை கேட்பதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள் என்று விளக்கம் வேறு கொடுத்தேன்.

முகத்தை வெளுப்பாக்குவதைப் பற்றித் தனியாக ஒரு வகுப்பே எடுத்தேன். ஒரு பெண் போனில் எடுத்த படத்தைக் காட்டி, "ஒரு அமுக்கு அமுக்குனா போதுமுங்க சார், நானே நடிகையாட்டம் ஆயிடறேன்" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. தோலின் நிறத்தை மாற்றினால் கன்னத்து ஓரத்தில் எப்படி ஒரு சாம்பல் விளிம்பு விழுகிறது, கழுத்து ஓர் ஆளும் முகம் ஓர் ஆளுமாக எப்படிப் பிரிந்துபோகிறது என்று திரையில் பெரிதாக்கிக் காட்டினேன். இது ஒளிக்குச் செய்கிற துரோகம் என்றேன். பின்வரிசையில் ஒரு குரல், நான் கேட்கும்படியாகவே: "தலைக்கு மை அடிச்சுட்டு வந்து நம்மளை மட்டும் வெளுக்க வேண்டாம்ங்கறாரு பாரு." கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அதன்பின் தலைக்குச் சாயம் அடிப்பதை விட்டுவிட்டேன். அவ்வளவு நேர்மையானவனாக என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெண்ணுக்கு இருபது வயது. பி.காம். கடைசி வருடம். அப்பா சின்ன அளவில் கோழிப்பண்ணை வைத்திருந்தார். எங்களுக்குத் தூரத்து உறவும்கூட. மற்றவர்கள் பூவையும் பூனையையும் எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் தீவன மூட்டை, தண்ணீர்க் குழாய், வேலைக்கு வருகிற வடநாட்டுப் பெண்களின் கைகள் என்று எடுத்துவருவாள். உங்களை நீங்களே எடுங்கள், செல்ஃபி கூடாது, நீங்கள் இருக்கும் இடமும் தெரிய வேண்டும் என்று ஒருமுறை வேலை கொடுத்தேன். அவள் கொண்டுவந்தது முட்டை ஏற்ற வந்து நின்ற லாரியின் பக்கவாட்டுக் கண்ணாடியில் எடுத்த படம்.

புழுதி படிந்த கதவு. கண்ணாடிச் சட்டத்தில் யாரோ கட்டிய கறுப்புக் கயிறு. கண்ணாடிக்குள் அவள். நெஞ்சுக்கு நேராக இரண்டு கைகளாலும் கேமராவைப் பிடித்திருக்கிறாள். முகத்தில் வெயில் ஒருபக்கமாக விழுகிறது. கண்கள் தாழ்ந்திருக்கின்றன, கேமராவின் பின்திரையில் தன்னைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் சாலை. நான் வெகுநேரம் பார்த்தேன்.

"நல்ல படம்" என்றேன்.

"நல்ல படம்னு எனக்கே தெரியுதுங்க சார். வெளிச்சம் எச்சாப் போயிருச்சுங்களா, அதைச் சொல்லுங்க."

சென்னையில் ஓர் அரசு நிறுவனத்தில் இரண்டு வருடப் புகைப்படப் படிப்பு இருந்தது. அவள் விண்ணப்பிக்க விரும்பினாள். பத்துப் படங்கள் அனுப்ப வேண்டும், தேர்வானால் நேர்காணல். அப்பாவிடம் மாதக்கணக்காகப் பேசி ஒரு வாக்கு வாங்கியிருந்தாள். இந்த வருடம் ஜாதகத்தை எடுக்க மாட்டேன், இடம் கிடைத்தால் போ, கிடைக்காவிட்டால் நான் சொல்கிறபடி கேள் என்பது அந்த வாக்கு.

எங்கள் பக்கத்தில் ஜாதகம் எடுப்பது என்றால் என்ன என்பதைச் சொல்ல வேண்டும். பெண்ணின் ஜாதகம் வீட்டுப் பீரோவில் இருக்கும். அப்பா அதை வெளியே எடுக்கும்வரை அவளை யாரும் கேட்க முடியாது. கேட்டால் 'இன்னும் எடுக்கலைங்க' என்ற ஒரு பதில் போதும். யாருக்கும் வருத்தம் இல்லை. ஆனால் எடுத்துவிட்டால் எடுத்ததுதான். படமும் ஜாதகமும் சேர்ந்து ஊர் ஊராகப் போகும். எடுத்த ஜாதகத்தைத் திரும்ப உள்ளே வைத்தால் பெண்ணிடம் ஏதோ கோளாறு, யாரையோ விரும்புகிறாள் என்று பேச்சு கிளம்பும். ஆகவே அவளுடைய படிப்பு, பீரோவுக்குள் இருந்த அந்தத் தாளை நம்பித்தான் இருந்தது.

அந்தத் தாளுக்காக வெளியே எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். எங்கள் இனத்தில் முப்பத்தைந்தைத் தாண்டிய மாப்பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். தோட்டம் இருக்கிறது, லாரி இருக்கிறது, பெண் இல்லை. ஏன் இல்லை என்று கல்யாண மண்டபங்களில் உட்கார்ந்து ஆச்சரியப்படுகிறார்கள். எனக்கு அங்கேதான் பற்றிக்கொண்டு வரும். ஸ்கேன் பார்த்து, ஒற்றை ஆண் பிள்ளையோடு நிறுத்திக்கொண்ட வீடுகள்தானே இவை? பிறக்கவிடாத பெண்களை இப்போது வாட்ஸ்அப்பில் தேடுகிறார்கள். என் தம்பி வீடும் அப்படி நிறுத்திக்கொண்ட வீடுதான். அப்போது நான் கல்லூரியில் பேராசிரியர். எல்லாம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

தம்பிக்குப் போர்வெல் வண்டி இருக்கிறது. அவனுடைய மகன் அந்த வண்டியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று போய்வருவான். வயது முப்பத்தாறு. ஒரு நாள் மதியம் தம்பி வந்தான். நான் அந்தப் பெண்ணின் பத்துப் படங்களை விண்ணப்பத்துக்காக அளவு குறைத்துக்கொண்டிருந்தேன். அவளே நம்பி என் லேப்டாப்பில் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.

"அண்ணா, உங்க கிளாஸ்ல நம்ம புள்ளைங்க எத்தனை பேரு?"

"படிக்க வர்றாங்கடா."

"படிக்கட்டுமுங்க, யாரு வேண்டாம்னா? ஒரு போட்டோ பாத்தா படிச்சது அழிஞ்சு போயிருமா?" என்று சொல்லிக்கொண்டே திரைப்பக்கம் குனிந்தான். "இது பண்ணைக்காரரு புள்ளைதானுங்க? இது என்னத்துக்கு லாரிக் கண்ணாடிக்குள்ள நிக்குது?"

"அவங்கப்பா இன்னும் ஜாதகம் எடுக்கலை."

"எடுக்கறப்ப எடுக்கட்டும். நமக்குள்ள பாத்து வெச்சுக்கறதுதானுங்க. பையனுக்கு மட்டும் காட்டறேன்."

அவன் குரல் இறங்கியது.

"அவன் இப்பல்லாம் கல்யாணத்துக்கே வாரதில்லைங்கண்ணா. பந்தில உக்காந்தா, 'உன்ற கல்யாண இலை எப்பப்பா?'ன்னு கேக்கறானுக. எந்திரிச்சு வந்துடறான். சாப்புடாம."

அந்தப் பையனைத் தூக்கி வளர்த்தவன் நான். மனம் இளகியது உண்மை. ஆனால் அதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்க மாட்டேன். இளகிய மனதோடு 'முடியாதுடா' என்று சொல்லியிருக்கலாம்.

"அந்தக் கேமராவை எடுத்துருங்க" என்றான் தம்பி. "கைல அதை வெச்சுட்டிருந்தா வாயாடின்னு நெனைப்பாங்க. மூஞ்சி மட்டும் போதும். கொஞ்சம் வெளுப்பாப் பண்ணுங்க. வெயில்ல கறுத்துக் கெடக்குது."

நான் கிராப் செய்தேன். லாரி போனது, கண்ணாடிச் சட்டம் போனது, கைகள் போயின, கேமரா போனது. முகம் மட்டும் மிஞ்சியது. அதை வெளுப்பாக்கினேன். பெண்களிடம் எதைத் தொடக்கூடாது என்று சொன்னேனோ நிறத்தைக் கூட்டிக் குறைக்கும் அதே பட்டையைத் திரையில் பிடித்து வலதுபக்கமாக இழுத்தேன். கேமராத் திரையைப் பார்ப்பதற்காகத் தாழ்ந்திருந்த கண்கள், கேமரா இல்லாமல் போனதும் வெட்கத்தில் தாழ்ந்த கண்களாக மாறிவிட்டன. அதை நான் கவனித்தேன். கவனித்தும் அனுப்பினேன்.

'பையனுக்கு மட்டும்' என்றவன் மனைவிக்குக் காட்டினான். அவள் தன் அக்காவுக்கு அனுப்பினாள். அக்கா, எங்கள் இனத்தார் வைத்திருக்கும் பெண்-மாப்பிள்ளை குரூப் ஒன்றில் போட்டாள். ஒரு வாரத்துக்குள் படத்தின் அடியில் வயது, படிப்பு, நட்சத்திரம், 'சொந்தமாகக் கோழிப்பண்ணை உண்டு' என்றெல்லாம் சேர்ந்துவிட்டது. நட்சத்திரத்தை யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியவில்லை. அது தவறான நட்சத்திரம் என்று பின்னால் தெரிந்தது. அதைப் பார்த்துப் பத்துப் பொருத்தமும் இருப்பதாக நாலைந்து வீட்டில் முடிவுகட்டியிருந்தார்கள்.

'அடக்கமான புள்ளை. கண்ணைத் தூக்கிக்கூடப் பாக்கலை பாருங்க' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு.

அவளுடைய அப்பா முட்டையோடு வந்தது அதற்குப் பிறகுதான். அவர் ஒன்றும் தெரியாமல் வரவில்லை. படம் என் கையிலிருந்து போனது என்று தம்பியே அவரிடம் சொல்லியிருந்தான்.

"மில்லுக்காரரு ஊட்டுல இருந்து புள்ளையைக் கேக்கறாங்கங்க" என்றார். குரலை அடக்க முடியவில்லை அவரால். "நாமளாப் போயி நின்னா கேட்டைத் தொறக்க மாட்டாங்க. அவங்களே வாராங்கங்க. செலவெல்லாம் நாங்களே பாத்துக்கறம்ங்கறாங்க. உங்க புண்ணியமுங்க."

தம்பி மகன் அந்தக் கணக்கிலேயே இல்லை. அவனுக்காகப் போன படம் அவனைத் தாண்டி மேலே போய்விட்டது.

"புள்ளைக்கு ஒரு வாக்கு குடுத்திருந்தீங்களே?" என்று கேட்டேன்.

"அது ஊட்டுக்குள்ள சொன்னதுதானுங்க. இப்ப ஜாதகம் வெளிய வந்தாப்புலதானுங்க. போட்டோவைக் குடுத்துட்டு இல்லைன்னு சொன்னா ஊரு என்ன பேசும், சொல்லுங்க?"

நீங்கள் கொடுக்கவில்லையே, நான்தானே கொடுத்தேன், அதை நானே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பழத்தை உள்ளே எடுத்து வை என்று மனைவியிடம் சொன்னேன். அவர் போனபின் மனைவி கேட்டாள்: "அந்தப் புள்ளைக்குத் தெரியுமா?" செய்தித்தாளை விரித்தேன். அவள் அந்தப் பழத்தைத் தொடவில்லை. கறுத்து ஈ மொய்த்தபின் மாட்டுக்குப் போட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண், மற்றவர்கள் வருவதற்கு முன்பே கூடத்துக்கு வந்துவிட்டாள். போனை என் முன்னால் நீட்டினாள்.

"சார், இதைக் கிராப் பண்ணுனது யாருங்க சார்?"

"நான்தான் அம்மிணி."

"வெளுத்தது?"

"அதுவும் நான்தான்."

"தெரியுமுங்க சார். கன்னத்தோரத்துல விளிம்பு விட்டிருக்குது. நீங்கதான் அதை எங்களுக்குத் தப்புன்னு காட்டுனீங்க." அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமில்லீங்க?"

நான் ஒரு முட்டாள் கேள்வி கேட்டேன். "கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

"மாட்டேனுங்க. அதுக்குத்தானுங்களே கேக்கறது."

பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸம்மா துடைப்பதை நிறுத்திவிட்டார்.

"நான் கேமராவைப் பாத்துட்டு இருந்தேனுங்க சார். ஃபோகஸ் விழுந்துச்சான்னு. அதைப் போயி வெக்கம்ங்கறாங்க. எங்கப்பா அதைப் படிச்சுப் படிச்சுச் சிரிக்கறாரு." போனை அணைத்தாள். "நீங்களே அந்த குரூப்புல சொல்லீருங்க சார். எங்கப்பா ஜாதகம் எடுக்கலை, படம் அவரு குடுக்கலைன்னு. நீங்க சொன்னா கேப்பாங்க. நான் சொன்னா வாயாடிம்பாங்க."

"பாக்கலாம்" என்றேன்.

அவள் கேட்டது ஒரு குரல் பதிவு. ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த குரூப்பில் தம்பி என்னை எப்போதோ சேர்த்துவிட்டிருந்தான். தயங்கினேன். தம்பிக்கு அவமானமாகிவிடும், அவன் மகனுக்கு இனி யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள், ஓய்வு பெற்ற பேராசிரியர் பெண் பிள்ளைகளின் படத்தை விநியோகிக்கிறார் என்று பேசுவார்கள். இந்தக் கடைசிக் காரணம்தான் பெரியது. மற்ற இரண்டையும் அதற்குமுன் நிறுத்தி மறைத்துக்கொண்டேன். அவள் வகுப்புக்கு வருவது நின்றது. அப்பா அனுப்பவில்லை. போனையும் வாங்கி வைத்துக்கொண்டார். சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. அவள் தேர்வாகியிருந்தாள். நேர்காணல் தேதியும் வந்தது. மில்லுக்காரர் வீட்டில் பெண் பார்க்க வருவதாகச் சொன்ன நாளும் அதுவே.

அதைச் சொல்ல நர்ஸம்மா என் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"வேற நல்ல நாளே இல்லையாமுங்க. தெரிஞ்சேதான் வெச்சிருக்கறாங்க. நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

"யோசிச்சுட்டு இருக்கேன்மா."

"பௌதிகம் படிச்சவருக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போடத் தெரியாதுங்களா? நான் வேண்ணாச் சொல்லித் தரட்டுமா? இப்படி அமுக்கிப் புடிச்சுட்டுப் பேசோணும். விட்டா போயிரும். அவ்வளவுதானுங்க."

எனக்கு முகம் எரிந்தது. அந்த எரிச்சலோடேயே வண்டியை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். நல்ல மனம் திரும்பிப் போனேன் என்று எழுத ஆசைதான். அவர் பேச்சு குத்தியதால்தான் போனேன்.

பெண்ணின் அப்பா கொட்டகை ஓரமாகத் தீவனம் கொட்டிக்கொண்டிருந்தார். அவள் முட்டை அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டு வேலையை நிறுத்தாமல் அடுக்கினாள்.

"படத்தை உங்க புள்ளையைக் கேக்காம, உங்களையும் கேக்காம நான் குடுத்தேன். அதை குரூப்புல சொல்லப் போறேன். நீங்க ஜாதகம் எடுக்கவே இல்லைன்னு ஆயிரும். உங்க மேல பேச்சு வராது" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்தது. நான் செய்ததற்கு வராத கோபம், அதைச் சொல்லப்போகிறேன் என்றதும் வந்தது.

"இத்தனை நாளு சும்மா இருந்துட்டு இப்ப எதுக்குங்க வந்து கெடுக்கறீங்க? உங்களுக்கென்ன, ஒத்தைப் பையன், வெளிநாட்டுல இருக்கறான். பொண்ணைப் பெத்து வெச்சுட்டு நான் படறது உங்களுக்குத் தெரியுமுங்களா? தானா வந்த எடமுங்க!"

"தானா வரலைங்க. நான் வெட்டி, வெளுத்து அனுப்பி வந்தது."

"எல்லா ஊட்டுலயும் அப்படித்தானுங்க அனுப்பறாங்க!"

அது உண்மைதான். அப்போது தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து அவர் மனைவி வந்தார். அதுவரை அந்த அம்மாள் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னைப் பார்க்காமல் கணவரிடம் சொன்னார்:

"ஏனுங்க, அவரு பேசட்டும் உடுங்க. நீங்க புள்ளைக்குச் சொன்ன வாக்குக்கு நானும் பக்கத்துலதானே இருந்தேன். மில்லுக்காரரு வாராங்கன்னா எனக்கும் சேத்துக் குடுத்த வாக்கு போயிருமா?"

அவர் தீவன வாளியைக் கீழே எறிந்தார். குரூப்பில் போடாதே என்றும் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை.

நான் போனை எடுத்து அங்கேயே நின்று குரல் பதிவாகப் பேசினேன். பின்னால் கோழிகள் கத்திக்கொண்டிருந்தன. இந்தப் படத்தை எடுத்தது அந்தப் பெண்ணே, படிப்புக்காக எடுத்தது, அதைக் களவாக எடுத்துக் கொடுத்தவன் நான், அவள் வீட்டில் ஜாதகம் எடுக்கவில்லை, வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள் என்று சொன்னேன். என் பெயரையும் நான் வேலை பார்த்த கல்லூரியையும் சொன்னேன். அவள் அட்டையைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "களவான்னு சொன்னீங்களே, அது சரிங்க சார்" என்றாள். அதன்பின் அவள் என்னிடம் பேசவில்லை.

குரூப்பில் முதலில் வந்தது ஒரு கட்டைவிரல். கேட்காமலே போட்டிருப்பார். அடுத்தவர் 'அருமை அய்யா' என்று எழுதினார். பிறகுதான் கேட்க ஆரம்பித்தார்கள். 'பொண்ணு யாரையாச்சும் லவ் பண்ணுதுங்களா?' என்றார் ஒருவர். 'வாத்தியாருக்கு வயசாயிருச்சு, பேரன் கைல போன் சிக்கியிருக்கும்' என்றார் இன்னொருவர். குழுவின் நோக்கத்துக்கு மாறான பதிவு என்று சொல்லி என்னை நீக்கினார்கள். ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, அந்தப் பெண்ணுக்கு ஒரு வருத்தம் தெரிவிக்கவில்லை. மில்லுக்காரர் வீட்டில் குழப்பமான இடம் என்று சொல்லி வருவதை நிறுத்திக்கொண்டார்கள். குழப்பமாம். இரண்டே வரியில் சொல்லி முடிக்கிற உண்மை அவர்களுக்குக் குழப்பம்.

தம்பி வந்து கத்திவிட்டுப் போனான். அதன்பின் பேச்சில்லை. அவன் மகன் எங்கோ போர்வெல் போடுகிற இடத்திலிருந்து கூப்பிட்டான். இயந்திர இரைச்சலுக்கு நடுவில் சொன்னான்: "பெரியப்பா, எனக்காகத்தான் படத்தை எடுத்துக் குடுத்தோம்னு எல்லாரும் சொல்றீங்க. எங்கிட்டயும் யாரும் கேக்கலைங்களே." வைத்துவிட்டான். அவன் சொன்னது எனக்கு இன்னும் உறைக்கிறது. கேட்கப்படாதவர்கள் பட்டியலில் அவனையும் சேர்த்தவன் நான்தான்.

அவளும் அம்மாவும் சென்னைக்குப் போனார்கள். அப்பா பஸ் ஏற்றிவிட வரவில்லை. அவளுக்கு இடம் கிடைத்து, இப்போது அங்கே படிக்கிறாள். எல்லாம் நர்ஸம்மா சொல்லித்தான் தெரியும். நேர்காணலுக்குக் கொண்டுபோன படங்களில் லாரிக் கண்ணாடிப் படத்தை அவள் வைக்கவில்லையாம். "அது நாறிப் போச்சுங்க, கண்ட போன்லயும் கெடக்குதுன்னு எடுத்துட்டாளுங்க" என்றார். அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அது. அதை அவள் இனி எங்கும் காட்ட மாட்டாள். இடம் கிடைத்துவிட்டதே, இனி என்ன என்று மனைவிகூட என்னைத் தேற்றுகிறாள். நான் அழித்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

வகுப்புக்கு இனி வர வேண்டாம் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். சரியான காரியம். பிரவுசிங் சென்டரில் வேலை பார்க்கும் ஒரு பெண் இப்போது சொல்லிக்கொடுக்கிறாள். ஆனால் ஒன்று நடந்தது, அதை எழுதாமல் விட முடியாது. நான் நின்ற பிறகு இரண்டு தாய்மார்கள் தனித்தனியாக என் வீட்டுக்கு வந்தார்கள். தங்கள் பெண்களைக் குழுவில் சேர்க்க வேண்டுமாம். கம்ப்யூட்டருக்காகவா என்று கேட்டேன். ஒருவர் சங்கடமாகச் சிரித்தார். "அதும்தானுங்க. அப்பறம் அந்தப் புள்ளைக்கு எடுத்தாப்புல ஒரு படம்..." என்றார். நான் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

போன மாதம் திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவர் போனை நீட்டினார். அறிமுகம் இல்லாதவர். ஓமலூர்ப் பக்கம் தோட்டம் இருக்கிறதாம்.

"ஏனுங்க, நீங்க இந்தப் பக்கத்து ஆளுங்களா? இந்தப் புள்ளை எந்த ஊருன்னு தெரியுமுங்களா? கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

வெளுத்த கன்னம், தாழ்ந்த கண்கள். கன்னத்து ஓரத்தில் என் கைவேலை.

"இது ஜாதகம் எடுக்காத புள்ளைங்க" என்றேன். என் குரல் உயர்ந்தது எனக்கே தெரிந்தது. "படத்தைக் குடுத்தவன் நான்தான். தப்பு. அழிச்சுருங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் குவித்தார்.

"அட, அந்த வாத்தியாரு நீங்கதானுங்களா! உங்க கிளாஸ்ல இன்னும் நெறையப் புள்ளைங்க இருக்குதாமில்லீங்க? எம்பையனுக்கு முப்பத்தெட்டு முடியப் போகுதுங்க. ஒரே ஒரு போட்டோ..."

"போனைக் குடுங்க" என்றேன்.

தயங்காமல் கொடுத்தார். வேறு படங்கள் காட்டப்போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. அவர் கண் முன்னாலேயே அந்தப் படத்தை அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை.

"பரவாயில்லைங்க, மச்சாங்கிட்ட இருக்குது, திரும்ப வாங்கிக்கறேன்" என்றார். பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவர் என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், எனக்குப் பக்கத்து இலையிலேயே உட்கார்ந்தார்.